இரண்டாவது டிகே வேண்டாம், டாப்லெவல் போதும்

"பைத்தான் டிகின்டரில் ஒரு திரையில் தட்டியதை மற்றொரு திரை படிக்கவே முடியாது, கோப்பில் எழுதித்தான் எடுக்க வேண்டும்" என்று, சாளரங்களை உருவாக்க உதவும் பைத்தான் நூலகமான டிகின்டரைப் பற்றி ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். இது தவறு. புதிதாகக் கற்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

அவர் காட்டிய நிரலில் இரண்டாவது சாளரத்தையும் டிகே (Tk, நிரலின் முதன்மைச் சாளரம்) என்றே உருவாக்கியிருக்கிறார். கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு டிகேயும் தனக்கென்று தனி டிசிஎல் இன்டர்பிரெட்டரை, அதாவது டிகின்டருக்கு அடியில் டிசிஎல் மொழிக் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதியை, தொடங்குகிறது. எந்தச் சாளரத்துக்கு என்று குறிப்பிடாமல் உருவாக்கிய ஸ்ட்ரிங்வார் (பெட்டியில் தட்டிய எழுத்தைத் தாங்கும் மாறி) முதல் டிகேயுடன் சேர்ந்துவிடும். இரண்டாவது சாளரத்தின் பெட்டியில் என்ன தட்டினாலும் அது முதலாவதற்குத் தெரியாது. எனவே வெற்றுச் சரம்தான் கிடைக்கும்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் என் மாமாவின் மளிகைக் கடைக்குப் பில் நிரல் எழுதியபோது இதே பிழையில் மூன்று இரவுகளை இழந்தேன். வாடிக்கையாளர் பெயரை எத்தனை முறை தட்டினாலும் ரசீதுத் திரை காலியாகவே நின்றது! இரண்டாவது டிகேயை டாப்லெவலாக (முதல் டிகேயின் இன்டர்பிரெட்டரையே பகிரும் கூடுதல் சாளரமாக) மாற்றியதும் பெயர் வந்துவிட்டது.

திரைகள் பல இருந்தால், தரவுக்கென ஒரே ஒரு பொருளை (object) உருவாக்கி, ஒவ்வொரு திரையையும் உருவாக்கும்போதே அதைக் கையில் கொடுத்துவிடுங்கள். நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல் மாறிகூடத் தேவையில்லை. நிரலை மூடிய பிறகும் தரவு நிலைக்க வேண்டுமென்றால் மட்டும் கோப்பை நாடுங்கள்.