பிளாக்ஜாக்கில் பெட் ஏற்றுவது: எங்கே தயங்கக் கூடாது, எங்கே பொறுக்க வேண்டும்

கார்டு கவுண்டிங் (போன சீட்டுகளை எண்ணி, மிச்சச் சீட்டு யாருக்குச் சாதகம் என்று கணிப்பது) என்றதும் எல்லோரும் எண்ணுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது சின்ன வேலை. 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு, 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழி, 7, 8, 9-ஐ விட்டுவிடு. ஹை-லோ முறை இவ்வளவுதான். சில வாரம் உட்கார்ந்து பழகினால் யாருக்கும் வந்துவிடும். பணம் வருவதும் போவதும் பெட்டின் அளவில்தான்.

பெட் ஏற்றுவதில் இரண்டு வகை உண்டு. ஒரே ஷூவுக்குள் (கலைத்த சீட்டுக்கட்டுகளை வைத்து எடுக்கும் பெட்டி) கவுண்ட் ஏறும்போது ஏற்றுவது ஒன்று. கைமுதல் பெருகும்போது மொத்த அளவையே ஒரு படி உயர்த்துவது இன்னொன்று. முதலாவதைத் தயங்காமல், முழுதாகச் செய்ய வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். கவுண்டர்கள் நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் எண்ணத் தெரிந்தும் பணத்தை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

லாஸ் வேகாஸில் கிடைக்கும் ஆறு கட்டு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே 21) 3:2 கொடுக்க வேண்டும், டீலர் சாஃப்ட் 17-இல் (ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17) மேலும் சீட்டு எடுக்காமல் நிற்க வேண்டும். அங்கே எண்ணாமல் சரியாக ஆடுபவருக்கு எதிராகக் கேசினோவுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் சாதகம். ட்ரூ கவுண்ட் (எண்ணிவரும் கூட்டுத்தொகையை ஷூவில் மிச்சமுள்ள கட்டுகளால் வகுத்தது) ஒன்று ஏறினால் அரை சதவீதம் நம் பக்கம் திரும்பும். ஆக +1-இல் சமம், +2-இல் நமக்கு 0.5, +3-இல் 1, +4-இல் 1.5, +5-இல் 2 சதவீதம்.

எவ்வளவு வைப்பது? பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-இல் எழுதிய சூத்திரத்தை பிளாக்ஜாக்குக்குக் கொண்டுவந்தவர் எட்வர்ட் தோர்ப். கைமுதலைச் சாதகத்தால் பெருக்கி, ஒரு கையின் வேரியன்ஸால் (ஏற்ற இறக்கத்தின் அளவு) வகுக்க வேண்டும். டபுள் (பெட்டை இரட்டித்து ஒரே சீட்டு வாங்குவது), ஸ்ப்ளிட் (ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டைத் தனிக் கைகளாகப் பிரிப்பது) எல்லாம் சேர்த்து அது சுமார் 1.3. கைமுதல் 20,000 டாலர் என்றால் +3-க்கு 20,000 × 0.01 ÷ 1.3, அதாவது 154 டாலர். இது முழுக் கெல்லி. நான் பாதிக்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது. பாதிக் கெல்லியில், சில்லுக்கு வசதியாக முழுமைப்படுத்தினால், +1 வரை டேபிளின் குறைந்தபட்சம் 15 டாலர், +2-க்கு 40, +3-க்கு 75, +4-க்கு 100, +5-உம் அதற்கு மேலும் 150. இந்த அட்டவணையை வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்துவிட வேண்டும். டேபிளில் உட்கார்ந்துகொண்டு யோசிக்கக் கூடாது.

இதில் முதலில் தவறுவது வகுத்தலில். ரன்னிங் கவுண்ட், அதாவது வகுப்பதற்கு முந்தைய கூட்டுத்தொகை, +9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்த சீட்டு அடுக்கும் தட்டில் ஒன்றரைக் கட்டு இருந்தால், ஷூவில் மிச்சம் நாலரை. ட்ரூ கவுண்ட் +2, பெட் 40. அதே +9, தட்டில் நாலு கட்டு இருந்தால் மிச்சம் இரண்டு. நாலரை வருகிறது, கீழே இறக்கி +4, பெட் 100. ஷூவின் கடைசியில் அரைக் கட்டு தவறாக மதிப்பிட்டு, மிச்சம் ஒன்றரை என்று எடுத்தால் +6 என்று தோன்றி 150 போகும். தட்டைப் பார்த்து அரைக் கட்டுத் துல்லியத்தில் சொல்லக் கண் பழக வேண்டும். பழைய சீட்டுக்கட்டுகளை அரை, ஒன்று, ஒன்றரை என்று அடுக்கி வைத்து, எட்ட நின்று பார்த்துப் பழகுவதுதான் வழி.

இனி தயக்கம். +4-இல் 100 வைத்தால் அந்தக் கையின் சராசரி வரவு ஒன்றரை டாலர். கவுண்ட் பூஜ்ஜியத்தில் 15 வைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு கையும் ஏழரை சென்ட் தின்கிறது. அந்த ஒரு 100 டாலர் கை, இருபது காத்திருப்புக் கைகளின் செலவை அடைக்கும். பயந்து 40-ஓடு நின்றால் எட்டுக் கைக்குத்தான் அடையும். ஆறு கட்டு ஷூவில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கைகள் +1-க்குக் கீழேதான் கழிகின்றன. அந்தச் செலவை எடுக்கக் கிடைப்பது கொஞ்சம் கைகளே. அங்கே கை நடுங்கினால், எண்ணத் தெரியாதவரைப் போலவே நாமும் கேசினோவுக்குக் கட்டிவிட்டுப் போகிறோம்.

நடுக்கம் வருவதற்கு ஒரு காரணம், உயர்ந்த கவுண்டில் நிறைய ஜெயிப்போம் என்ற எதிர்பார்ப்பு. அப்படி நடப்பதில்லை. டீலரோடு சமமாகி முடியும் கைகளையும் கணக்கில் சேர்த்து நூற்றுக்கு ஏறத்தாழ 43 கைகள்தான் ஜெயிக்கும்; +4-இலும் தோற்கும் கைகளே அதிகம். சாதகம் வருவது 3:2 கிடைக்கும் பிளாக்ஜாக்கிலும், டபுளிலும், ஸ்ப்ளிட்டிலும், +3 முதல் இன்சூரன்ஸ் (டீலர் ஏஸ் காட்டும்போது, அவருக்கு பிளாக்ஜாக் என்று வைக்கும் பக்கப் பெட்) எடுப்பதிலும்தான். 150 வைத்து வரிசையாக நாலு கை தோற்றால் கவுண்டில் கோளாறு இல்லை. கவுண்ட் அங்கேயே நின்றால் ஐந்தாவதும் 150-தான்.

அதனால்தான் டபுளுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் கையில் பணம் வேண்டும். 150 வைத்த கை நாலாகப் பிரிந்து நாலையும் டபுள் செய்தால் 1,200 வெளியே நிற்கும். அபூர்வம்தான், ஆனால் வரும். 300 டாலரோடு உட்கார்ந்து, 11-ஐ டபுள் செய்யப் பணமில்லாமல் ஒரு சீட்டு மட்டும் வாங்குகிறவர் தன் சாதகத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறார். உச்ச பெட்டின் இருபது மடங்கு, இங்கே 3,000 டாலர், கையில் இல்லாமல் டேபிளுக்குப் போக வேண்டாம். இரண்டு கை விரித்து ஆடினால், 150-க்குப் பதில் ஒவ்வொன்றிலும் 110 வைக்கலாம். இரண்டு கையும் ஒரே டீலருக்கு எதிராக இருப்பதால் அதற்கு மேல் போனால் அபாயம் கூடும்.

பிட் பாஸ் (டேபிள்களை மேற்பார்க்கும் கேசினோ அதிகாரி) பார்க்கிறாரே என்று ஏற்றாமல் விடுவதும், ஜெயித்த பிறகு மட்டும் ஏற்றுவதும் விலை அதிகமான வேஷம். கேசினோவின் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். ஷூ முடிந்து கலைக்கும்போது போவதே நல்லது. மூளையால் எண்ணுவது நெவாடாவில் குற்றமில்லை; கருவி வைத்துக்கொண்டால் குற்றம், 1985-இலிருந்து. ஆனால் அங்கே கேசினோ ‘உங்களுக்கு பிளாக்ஜாக் போதும்’ என்று சொல்லிவிடலாம். நியூஜெர்சியில் பிரபல கவுண்டர் கென் யூஸ்டன் வழக்கில் 1982-இல் மாநில உச்ச நீதிமன்றம், கவுண்டரைக் கேசினோ தன்னிச்சையாக வெளியேற்ற முடியாது என்றது. அதனால் அங்கே சீக்கிரம் கலைத்துவிடுவார்கள், பெட்டுக்கு உச்சவரம்பு போடுவார்கள்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். மேலே சொன்ன அட்டவணையில் நூறு கைக்கு எதிர்பார்க்கும் லாபம் பத்து டாலர் அளவில்தான் இருக்கும். அதன் திட்ட விலக்கமோ 350 டாலருக்கு மேல். நாலாயிரம் கை ஆடினால் இரண்டாயிரம் டாலர் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். அந்த இரண்டாயிரத்தை ஜெயித்தவர் தன் திறமை நிரூபணமாகிவிட்டதென்று உச்ச பெட்டை 300 ஆக்குகிறார். 20,000 கைமுதலுக்கு 300 என்பது முழுக் கெல்லி. அளவை மாற்றாமல் ஆடிக்கொண்டே போனால் முழுக் கெல்லியில் எல்லாம் போகும் வாய்ப்பு 13.5 சதவீதம். பாதியில் 2-க்கும் கீழே. இரட்டைக் கெல்லியில் 37. பாதிக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். நம் சாதகக் கணக்கே கொஞ்சம் தப்பாக இருக்கலாம், அதற்கும் இடம் விட வேண்டும்.

அதிர்ஷ்டத்தில் வந்தாலும் வந்த பணம் கைமுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைமுதல் பத்து சதவீதம் கூடினால் பெட்டும் பத்து சதவீதம்தான் கூடலாம். சில்லுக் கணக்கில் அது தொந்தரவு என்பதால், 30,000 ஆகும் வரை பொறுத்து, 40-ஐ 60, 75-ஐ 110, 100-ஐ 150, 150-ஐ 225 ஆக்குங்கள். 25 டாலர் டேபிளுக்கு அப்போது போகலாம். வீட்டு வாடகைக்கு எடுக்கப்போகும் பணம் கைமுதலில் சேராது.

பெரிய டேபிளுக்குச் சீக்கிரம் போகத் தூண்டும் நியாயமான காரணம் ஒன்று உண்டு. குறைந்தபட்சம் 15 டாலர் டேபிள்கள் பலவற்றில் இப்போது பிளாக்ஜாக்குக்கு 6:5-தான். அது மட்டுமே சுமார் 1.4 சதவீதம் கேசினோ பக்கம் கொண்டுபோகிறது, ட்ரூ கவுண்டில் கிட்டத்தட்ட மூன்று புள்ளி. அங்கே உட்காரவே கூடாது. அதற்காக 20,000 கைமுதலோடு 50 டாலர் டேபிளுக்குப் போனால், உச்சம் 150 என்பதால் விரிவு (குறைந்த பெட்டுக்கும் உச்ச பெட்டுக்கும் உள்ள விகிதம்) 1-க்கு 3 ஆகிவிடும். ஆறு கட்டில் அது போதாது.

இறங்கும்போதும் இதே விகிதம். 15,000-க்கு வந்தால் உச்சம் 110. 10,000-க்கு வந்தால் 75, அப்போது 15 டாலர் டேபிளில் எல்லாக் கையும் ஆடுவதில் பயனில்லை. பின்னால் நின்று எண்ணி, +2 வந்த பிறகு உட்காருங்கள். ஷூ நடுவில் சேர அனுமதியில்லை என்று பலகை வைத்த டேபிள்களில் அதுவும் நடக்காது. அங்கே வேலைச் சம்பளத்திலிருந்து கைமுதலை நிரப்பும் வரை ஆடாமல் இருக்க வேண்டியதுதான்.