அளவுகோலைத் தாழ்த்துவது தீர்வாகாது

இலங்கையில் பாடசாலைகளைத் தரப்படுத்தும் அளவுகோல்களைத் திருத்த வேண்டும் என்று கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் முன்வைத்த கருத்தை வரவேற்கிறேன். ஆனால், எதிர்பார்க்கும் சித்தி (தேர்ச்சி) வீதத்தைக் குறைத்துவிட்டால் பின்தங்கிய பாடசாலைகளுக்கு நீதி கிடைத்துவிடும் என்று அவர் கூறுவதை ஏற்க இயலவில்லை.

திருகோணமலை நகரிலுள்ள 1ஏபி பாடசாலையையும் (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள பெரிய பாடசாலை) வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளின் சிறிய பாடசாலைகளையும் தரம் 11இன் பின் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு என்னும் ஒரே தராசில் நிறுக்கிறோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் கூடிய புள்ளி பெற்ற பிள்ளைகள் தரம் 6இல் பெரிய பாடசாலைகளுக்குச் சென்றுவிட, எஞ்சியோரைக் கொண்டே சிறிய பாடசாலை இயங்குகிறது என்பதை அந்தத் தராசு காண்பதில்லை. போரினால் 2006இல் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னரே ஊர் திரும்பிய சம்பூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் இழந்த காலத்தையும் அது கணக்கில் எடுக்காது.

மூதூர்ப் பக்கம் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற வகையில் இது என்னை மிகவும் வருத்துகிறது. பத்துப் புள்ளியில் நின்ற பிள்ளையை 34 வரை உயர்த்தினாலும், சித்திக்கு 35 தேவை என்பதால், அந்த உழைப்பு முழுவதும் பூச்சியமாகவே பதிவாகிறது.

எனவே, தரம் 6இல் சேர்ந்த அதே பிள்ளை தரம் 11இல் எங்கு நிற்கிறது என்பதை அளவிடுங்கள். கணித, ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை மாதம் நிரப்பப்படாதிருந்தன என்பதையும் பெறுபேற்றுக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அந்த வெற்றிடங்களுக்குப் பொறுப்புக்கூற வேண்டியவர் பாடசாலை அதிபர் அல்லர்.