சிம்பன்சியை மட்டும் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

"கோம்பே சிம்பன்சிகளே சண்டை போட்டன, ஆகவே போர் நம் ரத்தத்தில் ஊறியது" என்று, மனிதன் ஏன் போரிடுகிறான் என்று விளக்கவந்த ஒரு கட்டுரை ஒரே தாவாகத் தாவிவிட்டது. 1974 முதல் 1978 வரை தான்சானியாவின் கோம்பேயில் கசகேலா கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்த கஹாமா கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டியது உண்மைதான். ஆனால் எப்படி? எல்லையில் சத்தமில்லாமல் ரோந்து போய், தனியாக மாட்டியவனைக் கும்பலாக அமுக்கியது. 2014இல் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் பதிவுகளைத் தொகுத்தபோது, தாக்கியவர்களும் மாட்டியவரும் பொதுவாக 8க்கு 1 என்ற கணக்கில் இருந்தது தெரிந்தது. அடிப்பவனுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இல்லை, லாபமோ நிலம். உகாண்டாவின் இங்கோகோ கூட்டம் இப்படியே தன் எல்லையை 22% விரித்தது.

மனிதப் போரில் புதிர் வேறு: திருப்பி அடிக்கக்கூடியவன்மேல், தானே சாகலாம் என்று தெரிந்தும் ஏன் போகிறான்? கென்யாவின் துர்கானா மேய்ப்பர்களைப் பாருங்கள். மாடு கவரப் போகும் பெரிய படையில் சராசரியாக 300 பேருக்கு மேல். பலர் ஒருவருக்கொருவர் உறவும் இல்லை. நடுவில் ஓடிவந்தவனை அவன் வயதுக் குழுவே மரத்தில் கட்டி அடிக்கும். அவன் மந்தையிலிருந்து ஒரு விலங்கும் போகும். ராஜா இல்லை, போலீஸ் இல்லை. இந்தத் தண்டனை முறையை விட்டுவிட்டு வெறும் ஆக்ரோஷத்தை மட்டும் பேசினால் விளக்கம் பாதியில் நிற்கும்.

அப்புறம், சிம்பன்சி அளவுக்கே நமக்கு நெருங்கிய சொந்தம், அதைவிடச் சாதுவான குரங்கினமான போனோபோ. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?