ஹோப் ரோடு வீடு மார்லி பிறந்த வீடு அல்ல

"கிங்ஸ்டனில் 56, ஹோப் ரோடு போனால் போதும், பாப் மார்லி பிறந்த வீடு, சமாதி ரெண்டையும் பார்த்துடலாம்" என்று ஜமைக்காவின் ரெகே பாடகர் மார்லியைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1945-இல் அவர் பிறந்ததும், 1981-இல் அடக்கம் செய்யப்பட்டதும் செயின்ட் ஆன் பகுதியின் மலைக்கிராமமான நைன் மைலில். வடக்குக் கடற்கரை ஊரான ஓச்சோ ரியோஸில் தங்கினால் போய்வருவது சுலபம். கிங்ஸ்டனிலிருந்து என்றால் ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். மலைச்சாலை குறுகல், வளைவும் அதிகம்.

ஹோப் ரோடு வீடு அவர் பேர் வாங்கிய பிறகு குடியிருந்தது; 1986 முதல் அருங்காட்சியகம். 1976 டிசம்பர் 3 இரவு அவரைச் சுட வந்தவர்களின் குண்டுத் துளைகள் சுவரில் இன்னும் இருக்கின்றன, நின்று பாருங்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். வீட்டுக்குள் படமெடுக்க அனுமதி இல்லை.

அவருடைய இளமைக்காலத்தைப் பார்க்க கிங்ஸ்டனில் அவர் வளர்ந்த பகுதியிலுள்ள டிரெஞ்ச் டவுன் கல்ச்சர் யார்டு என்ற அருங்காட்சியகம்தான் சரியான இடம். நேரமிருந்தால் அதே ஹோப் ரோட்டில் 1881-இல் கோடீஸ்வரர் ஜார்ஜ் ஸ்டீபல் கட்டிய டெவன் ஹவுஸ் மாளிகையும் உண்டு.