மேற்கு வர்ஜீனியா எப்போதும் குடியரசுக் கட்சிக்கா?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் காலங்காலமாகக் குடியரசுக் கட்சியின் கோட்டை என்று கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்தவரை அது ஜனநாயகக் கட்சிக்குச் சொந்த வீடு மாதிரி. 1988 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் நாடெங்கும் மண்ணைக் கவ்வியபோதுகூட, அவருக்குக் கிடைத்த பத்தே மாநிலங்களில் இதுவும் ஒன்று! அப்புறம் சுரங்கங்களில் இயந்திரங்கள் பெருகின, ஆட்கள் குறைந்தார்கள், சங்கம் தேய்ந்தது. துப்பாக்கி, கருக்கலைப்பு, சுற்றுச்சூழல் சட்டம் என்று பேச்சே மாறிப்போனது. 2000 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் புஷ் பக்கம் சாய்ந்த மாநிலம் இன்னும் திரும்பவில்லை. அன்று இதன் 5 தேர்வாளர் வாக்குகள் (அதிபர் யார் என்று முடிவுசெய்யும், மாநிலவாரியான வாக்குகள்) ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குக் கிடைத்திருந்தால், புளோரிடா மாநிலம் இல்லாமலே அவர் வென்றிருப்பார்; அங்கே நடந்த மறு எண்ணிக்கைக்காக நாடே வாரக்கணக்கில் காத்துக் கிடந்திருக்க வேண்டியதில்லை.