சுவரைக் காட்டியது போதும், கூரையைக் காட்டுங்கள்

அந்த ‘நூறு சதவீத இயற்கை வீடு’ வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். மண்சுவரைத் தடவித் தடவிக் காட்டுகிறார்கள். சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த கதை நிறைய நேரம் ஓடுகிறது. கேமரா ஒரே ஒரு தடவை மேலே போகிறது. அங்கே இருப்பது கம்பி கட்டி ஜல்லி கொட்டிய சாதாரண கான்கிரீட் தளம். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ‘கூரைக்கு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அதற்கு வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். நல்லது செய்கிறவர்களைக் குறை சொல்வதே என் வேலையாம்.

நான் குறை சொல்லவில்லை. வெயில் முழுக்க விழுவது கூரையில். மழையை முதலில் வாங்குவதும் கூரைதான். சுவரை மண்ணில் எழுப்பிவிட்டால் அப்புறம் சிமெண்டும் கம்பியும் அதிகமாகப் போகிற இடமும் அதுவே. அதைப் பற்றிப் பேசாமல் ‘நூறு சதவீதம்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? மண்வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: கூரையை முதலில் முடிவு செய்யுங்கள். சுவர் எவ்வளவு தடிமன், அறை எவ்வளவு அகலம், கூரை விளிம்பான இறவாணம் எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதெல்லாம் கூரையை வைத்துத்தான் முடிவாகும். சுவரெல்லாம் எழுப்பிவிட்டுக் கடைசியில் மேலே பார்த்தால், கொத்தனார் தனக்குத் தெரிந்த தளத்தைத்தான் போடுவார்.

சிமெண்ட் என்றால் ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்கள். சுண்ணாம்புக்கல்லைக் கிட்டத்தட்ட 1450 டிகிரியில் சுட வேண்டும். எரிக்கிற எரிபொருளின் புகை ஒரு பக்கம், கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் கரியமில வாயு இன்னொரு பக்கம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. அரியலூர் பக்கம் போனால் அந்தக் கல்லைத் தோண்டிய குழிகளை நேரிலேயே பார்க்கலாம். இவ்வளவையும் செய்து போட்ட தளம், பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி நம் மேல் இறக்குகிறது. கீழே மண்சுவர் இருந்து என்ன பயன்?

எங்கள் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். சுவர் மண், மேலே தாத்தா காலத்து ஓடு, தாங்குவது இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய பனஞ்சட்டம். பனையை வெட்ட இப்போது ஆட்சியர் அனுமதி வேண்டும், அது நல்லதுதான். வைரம் பாய்ந்த பழைய சட்டங்கள் நிறையவே கிடைக்கின்றன. ‘ஓடு சுடவும் விறகு எரிக்கத்தானே வேண்டும்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும். ஆனால் அதற்கு சிமெண்டுக்கு வேண்டிய சூடு தேவையில்லை. பழைய ஓட்டை மறுபடி சுடவும் வேண்டாம். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஆரம்பித்த ஓட்டுத் தொழில் இது. ஒரு வீட்டிலிருந்து இறக்கிய ஓடு இன்னொரு வீட்டில் ஏறுகிறது. உடைத்த கான்கிரீட் தளத்தை அப்படி அடுத்த வீட்டில் ஏற்ற முடியுமா?

‘புயலில் பறந்துவிடும்’ என்பது அடுத்த கேள்வி. 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி நான் இந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தேன். ஓரத்து ஓடுகள் போயின. மறுபடி வாங்கி அடுக்கினோம். எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முழுசாகப் பிய்ந்து துண்டு துண்டாகக் கிடந்தது, அதைப் பிள்ளைகள் வெறுங்கையால் பொறுக்கினார்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புயல் பகுதியில் கூரையின் சரிவு, அதாவது வாட்டம், சரியாக இருக்க வேண்டும், ஓரத்து வரிசைகளைச் சாந்து வைத்துப் பிடிக்க வேண்டும், சட்டத்தைச் சுவரோடு கட்ட வேண்டும். குரங்கு உடைக்கும் என்பவர்களுக்கு: ஆமாம், உடைக்கும். மாற்றுங்கள்.

கீற்றைப் பற்றி மட்டும் நான் சட்டென்று பேச மாட்டேன். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம், கீற்றுக்கூரையில் தீ, 94 குழந்தைகள். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாரும் அதை மறந்துவிட்டுக் கீற்றுக்கூரை அழகு என்று எழுத முடியாது. கூட்டம் கூடுகிற கட்டடத்துக்குக் கீற்று வேண்டாம், விழல் புல்லும் வேண்டாம்.

‘மாடி எடுக்க வேண்டும், ஓடு சரிவராது’ என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் எத்தனை வீடுகளில் செய்து காட்டினார்! தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அங்கே இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அதனால் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்துவிட்டார். சிமெண்ட் குறைந்தது, எடை குறைந்தது, வெக்கையும் குறைந்தது. ஆரோவில்லில் கம்பியும் மரமும் இல்லாமல் மண்கல்லாலேயே வளைவுக்கூரை கட்டுகிறார்கள். அருமையான வேலை. ஆனால் நூபிய முறை என்கிற இந்த வளைவுக்கூரை மழை அரிதான எகிப்துப் பக்கத்தது. நம் ஐப்பசி மழைக்கு மேல்பூச்சில் கவனம் தவறினால் ஒழுகும், அதனால் தெரிந்த ஆள் இல்லாமல் இறங்காதீர்கள்.

இதையெல்லாம் அந்த வீடியோவின் கீழே ஒரு வரியில் கேட்டதற்குத்தான் ‘ஓட்டு வீட்டுக்காரனுக்குப் பொறாமை’ என்று ஒருவர் எழுதினார். அதற்கு இருநூறு லைக். அது என்னைச் சுட்டது. ஏனென்றால் இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையில் காப்பி குடித்துவிட்டு, ‘தளம் போடுற யோசனை இல்லையா மாமா?’ என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை. புதுவீடு கட்டியபோது சித்தப்பாவே, ‘இவ்வளவு செலவு பண்ணி மறுபடி ஓடாடா?’ என்றார். கடன் கேட்டுப் போன இடத்தில் கூரை என்ன என்று கேட்டார்கள், சொன்னேன், தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

உடனே சிலர், ‘ஒழுகுற குடிசையில் கிடந்தவனிடம் போய்ச் சொல்லு’ என்பார்கள். அவரிடம் நான் சொல்லவே மாட்டேன். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஓடு வேயவே தடை இருந்தது. தலைமுறையாக நனைந்தவர் கான்கிரீட் கேட்பது அவர் உரிமை. நான் கேட்பது, கையில் பணமும் கட்டுமான ஆலோசகரும் கேமராவும் வைத்திருப்பவர்களிடம். அப்புறம் அரசாங்கத்திடமும். 2010-இல் குடிசைகளை மாற்றும் திட்டம் வந்தது, கான்கிரீட் தளம். 2024-இல் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் வந்தது, இலக்கு எட்டு லட்சம் வீடுகள், அதுவும் பெரும்பகுதி கான்கிரீட் தளம். நல்ல வீடு என்றால் அது ஒன்றுதான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூட நினைக்காதா? ஓடு சுடுகிறவருக்கு அதில் ஒரு சின்னப் பங்காவது கொடுத்திருக்கலாம். சக்கரத்தில் குழாயாக வனைந்து, ஈரத்திலேயே இரண்டாகப் பிளந்து நாட்டு ஓடு செய்யத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். ஆர்டர் இல்லாமல் இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

இன்பாக்ஸில் பழைய ஓடு பற்றிக் கேட்டவர்களுக்கு: மொத்தமாக விலை பேசாதீர்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுங்கள், மந்தமாகக் கேட்டால் கீறல் விட்டிருக்கும், தள்ளிவிடுங்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள்.