டிஸ்டிங்க்ட் போட்டா சரியாயிடுமாம்ல

யாருய்யா இந்த டிஸ்டிங்க்ட்டை (ஒரே மாதிரி வர்ற ரோக்களை, அதாவது வரிகளை, ஒண்ணா சுருக்கிக் காட்டுற எஸ்க்யூஎல் வார்த்தை) கண்ட க்வெரில (டேட்டாபேஸ்கிட்ட டேட்டா கேக்குற கட்டளை) எல்லாம் தூவி வச்சது? ஆர்டர் லிஸ்ட்ல ஒரே ஆர்டர் ஆறு தடவை வந்து நிக்குது, க்வெரியைப் பிரிச்சுப் பாத்தா ஆர்டரோட ஐட்டம் டேபிளையும் பேமெண்ட் டேபிளையும் சேத்து ஒரே மூச்சுல ஜாயின் பண்ணியிருக்காங்க, அதாவது அந்த ஆர்டரோட ஒவ்வொரு ஐட்டத்தையும் ஒவ்வொரு பேமெண்ட்டோட கோத்துட்டாங்க, அந்த ஆர்டர்ல மூணு ஐட்டம், காசு கட்டினது ரெண்டு தவணையா, மூவிரண்டு ஆறு, அவ்ளோதான். டேட்டாபேஸ் பாவம், கேட்டதைத்தான் குடுக்குது.

இதை டீம்ல சொன்னா அடுத்த செகண்டே பதில் வருது, "செலக்ட் பக்கத்துல ஒரு டிஸ்டிங்க்ட் போடுங்க ப்ரோ, போயிடும்". ஆமா போகும், பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டு போற மாதிரி! லிஸ்ட் அழகாயிடுச்சு, சரி, ரிப்போர்ட்ல டோட்டலுக்கு என்ன பண்ணுவீங்க? அங்க சம் கூட்டி முடிச்ச பிறகுதான் டிஸ்டிங்க்ட் வேலையே செய்யும், அதுக்குள்ள ஐட்டம் தொகை ரெண்டு மடங்கு, பேமெண்ட் மூணு மடங்கு ஆயிடுச்சு. உடனே இன்னொரு அறிவாளி வந்து சம்முக்கு உள்ளயே டிஸ்டிங்க்ட்டை சொருகிட்டுப் போறார், இப்போ ரெண்டு தவணையும் ஒரே தொகையா இருந்தா அதுல ஒண்ணு காணோம்! முதல்ல கூடிப்போச்சு, இப்போ குறைஞ்சுபோச்சு, குறைஞ்சது எவன் கண்ணுலயும் படாது, அதான் இன்னும் கடுப்பு.

சப்க்வெரில (க்வெரிக்குள்ள இன்னொரு க்வெரி) ஐட்டத்தையும் பேமெண்ட்டையும் ஆர்டர் ஐடி வச்சு தனித்தனியா கூட்டிட்டு அப்புறம் ஜாயின் பண்ணா முடிஞ்சுது. பேமெண்ட் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியணும்னா எக்ஸிஸ்ட்ஸ் (ஒரு ரோவாவது இருக்கான்னு மட்டும் பாக்குறது) போதும், ஜாயினே வேணாம். இதுக்கு ஏன்யா இவ்ளோ சோம்பேறித்தனம்?

எல்லா டூப்ளிகேட்டும் ஜாயின்னாலதான் வருதுன்னும் இல்ல. முதல் பேஜ்ல பாத்த அதே ரோ ரெண்டாவது பேஜ்லயும் வருதுன்னா ஆர்டர் பை-ல (ரோக்களை எப்படி வரிசைப்படுத்தணும்னு சொல்ற இடம்) வெறும் தேதி மட்டும் குடுத்திருப்பாங்க, ஒரே நேரத்துல பதிவான பத்து ரோவை ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில தரணும்னு டேட்டாபேஸுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல, கூட ஐடியையும் சேருங்கப்பா. (பிஹெச்பி மொழில டேட்டாபேஸோட பேசுற பிடிஓல ஒவ்வொரு வேல்யூவும் ரெண்டு தடவை பிரிண்ட் ஆகுதுன்னு அலறுறவங்க தனி ரகம். ரோவை எடுத்துக் குடுக்குற டீஃபால்ட் ஃபெட்ச் மோட், ஒவ்வொரு வேல்யூவையும் டேபிள் காலத்தோட (column) பேர்லயும் நம்பர்லயும் ரெண்டா குடுக்கும், க்வெரி மேல பழி போடாதீங்க.)

சில இடத்துல டேபிள்லயே நிஜமா ரெண்டு ரோ இருக்கு. சப்மிட் பட்டனை ரெண்டு தடவை அமுக்கியிருக்காங்க, கோட் "ஏற்கனவே இருக்கா"ன்னு செக் பண்ணிட்டுத்தான் இன்சர்ட் பண்ணுது, ஆனா ரெண்டு ரிக்வெஸ்ட்டும் ஒரே நேரத்துல செக் பண்ணா ரெண்டுக்கும் "இல்ல"ன்னுதானே பதில் வரும்? யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு டேபிளுக்குப் போடுற விதி) ஒண்ணு போட்டிருந்தா அங்கயே எரர் அடிச்சு நின்னிருக்கும். போடல. அதையும் மேல டிஸ்டிங்க்ட் போட்டு மறைச்சாச்சு, டிக்கெட்டும் க்ளோஸ் பண்ணியாச்சு. இத்தனை நாளா அந்த ரிப்போர்ட்டை நம்பிக் கணக்கு முடிச்ச அக்கவுண்ட்ஸ்காரங்ககிட்ட டோட்டல் தப்புன்னு இப்போ யார் போய் சொல்றது, நான்தானே?